பெற்றோர் மீது பழி: பொதுக்கல்வி குறித்த இரு நூல்களை முன்வைத்து

ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு ஏன் வருவதில்லை, வந்தவர்களும் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று வினவினால், நம் நாட்டில் ஆயத்தமாக ஒரு விடை காத்திருக்கிறது. ‘பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்பதே அவ்விடை. அலுவலர் அதைக் கோப்பில் எழுதுவார். ஆசிரியர் அதைப் பெருமூச்சுடன் சொல்வார். படித்த நடுத்தர வகுப்பினர் அதை ஐயமின்றி ஏற்றுக்கொள்வர். யாரைக் குறித்து இப்பழி சுமத்தப்படுகிறதோ அவர்களிடம் சென்று உண்மையா என்று கேட்டவர் மிகச் சிலர்.

அந்த வினாவைப் பொறுப்புடன் எழுப்பிய இரு நூல்களை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் எழுதி 1991இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘இந்தியாவில் குழந்தையும் அரசும்’ என்னும் ஆங்கில நூல். மற்றொன்று, 1996ஆம் ஆண்டின் கள ஆய்வை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆய்வுக் குழுவினர் உருவாக்கி, 1999இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘அடிப்படைக் கல்வி குறித்த பொது அறிக்கை’. கல்வித்துறையினர் இதனைச் சுருக்கமாகப் ‘புரோப்’ அறிக்கை என வழங்குவர். இவை வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும் அரசுக்கும் குடும்பத்துக்கும் இடையே பொதுக்கல்வியின் பொறுப்பு எவ்வாறு பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்பதைச் சிந்திப்போர் இவ்விரு நூல்களையும் தாண்டிச் செல்ல இயலாது. இவற்றின் சிறப்பை ஒப்புக்கொள்ளும் அதே வேளையில், இரண்டுமே போதிய அளவு விசாரிக்காமல் விட்ட ஒரு தரப்பு உண்டு என்பதையும் எடுத்துக்காட்டுவது நம் நோக்கம்.

வழக்கின் பழமை

பெற்றோர் மீதான இக்குற்றச்சாட்டு நேற்று முளைத்ததன்று. கோபால கிருஷ்ண கோகலே 1911 மார்ச் 16 அன்று பேரரசின் சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதாவை முன்மொழிந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் கடமையை உள்ளாட்சி அமைப்புகள் தத்தம் எல்லைக்குள் கட்டாயமாக்கலாம் என்று கூறிய மிக எளிய மசோதா அது. ஜின்னா உள்ளிட்டோர் ஆதரித்தும், 1912இல் அது 13க்கு எதிராக 38 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. மக்கள் இன்னும் இதற்குப் பக்குவப்படவில்லை என்பது எதிர்த்தோர் கூற்றுகளுள் ஒன்று. அதற்கு முன்பே பரோடா சமஸ்தானத்தில் சயாஜிராவ் கெய்க்வாட் 1893இல் அம்ரேலிப் பகுதியில் கட்டாயக் கல்வியைச் சோதித்துப் பார்த்து, 1906இல் சமஸ்தானம் முழுமைக்கும் விரித்திருந்தார். அங்கும் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கே அபராதம் விதிக்கப்பட்டது. மறுத்தவரும் சரி, முனைந்து செய்தவரும் சரி, தடையாக இருப்பவர் பெற்றோரே என்னும் எண்ணத்திலிருந்தே தொடங்கினர்.

சென்னை மாநிலத்தில் 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் வேறொரு திசையிலிருந்து வந்தது. பள்ளிப் பொழுதைப் பாதியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அத்திட்டம். போதிய கட்டடமும் ஆசிரியரும் இல்லாத நிலையில் இருக்கும் பள்ளியிலேயே இருமடங்குப் பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அரசு சொன்ன நியாயம். மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது குடும்பத்துக்கு மதிப்பளித்த திட்டமாகவே தோன்றும். ஆனால் எந்தக் குடும்பம் எந்தத் தொழிலைக் கற்பிக்கும் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்த ஒரு சமூகத்தில், அம்மதிப்பின் பொருள் என்ன? எதிர்த்தோர் அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ எனப் பெயரிட்டனர், அப்பெயரே நிலைத்தது. காமராசர் முதல்வரான பின் 1954 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. குடும்பத்தைக் குற்றவாளியாக்குவதும், குடும்பத்தைப் போற்றுவதாகக் கூறி அதன் பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே நிறுத்திவைப்பதும் வெளித்தோற்றத்தில் முரண்பட்டவை. ஏழைப் பெற்றோரிடம் ‘உங்கள் பிள்ளை என்னவாக வேண்டும் என விரும்புகிறீர்கள்’ என்று கேட்கவேண்டிய தேவையை உணராமையில் இரண்டும் ஒன்றே.

வீனரின் வாதம்

இப்பின்னணியில் வீனரின் நூலைப் படிக்கும்போது அதன் துணிவு நமக்கு விளங்கும். இந்தியா ஏழை நாடு, ஆகவே எல்லோருக்கும் கல்வியளிக்க இயலவில்லை என்னும் சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. ஜெர்மன் நாடுகளும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றமும் ஜப்பானும் செல்வச் செழிப்பு எய்திய பிறகு கல்வியைக் கட்டாயமாக்கவில்லை. மாசசூசெட்ஸில் 1642ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிக்கும் பொறுப்பைப் பெற்றோர் மீதும் எசமானர் மீதும் சுமத்தியது. 1647ஆம் ஆண்டுச் சட்டம் 50 குடும்பங்களைக் கொண்ட ஒவ்வோர் ஊரும் ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்றது. ஜப்பான் 1872இல், தொழில்வளம் பெருகுவதற்கு முன்பே அவ்வழியில் இறங்கியது. ஆகவே இந்தியாவில் குறைந்திருந்தது செல்வமன்று. மனமே என்பது வீனரின் முடிவு. அந்த மனம் ஏழைப் பெற்றோரின் மனமன்று. அறிவால் உழைப்போர் ஒரு வகையினர், கையால் உழைப்போர் மற்றொரு வகையினர் என்று மனிதரைப் பிரித்தே பழகிய அலுவலர், கல்வியாளர், அரசியலாளர் ஆகியோரின் மனம் என்று அவர் சுட்டினார். இவ்வெளிப்படையான கூற்றுக்காகவே இந்நூல் நிலைபெறும்.

ஆயினும் அதன் தீர்வில் நமக்கு முழு உடன்பாடில்லை. நோயை மேல்தட்டினரின் மனத்தில் கண்டறிந்த ஆசிரியர், மருந்தை மட்டும் கட்டாயச் சட்டத்தில் தேடுகிறார். அரசே விரும்பவில்லை என்றால் அதன் சட்டத்தை யார் செயற்படுத்துவர்? மேலும், நூலில் நாம் பெரிதும் கேட்பது அலுவலரின் குரலையும் ஆய்வாளரின் குரலையும்தான். பிள்ளையை அனுப்பாத தாயும் தந்தையும் தம் தரப்பைச் சொல்ல அங்கு வாய்ப்பு மிகக் குறைவு.

புரோப் அறிக்கை திறந்த கதவு

அந்தக் குறையை நிறைவு செய்தது புரோப் அறிக்கை. பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் சிற்றூர்களுக்கும், ஒப்புநோக்கும் பொருட்டு இமாசலப் பிரதேசத்துக்கும் ஆய்வாளர்கள் நேரிற் சென்றனர். பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்றனர். வீடுகளில் அமர்ந்து பேசினர். கண்டவற்றை எளிய நடையில், படங்களுடனும் சிறு செய்திக் கட்டங்களுடனும் பொதுமக்கள் படிக்கத்தக்க வகையில் எழுதினர். கல்வி ஆய்வு கல்வியாளருக்கு மட்டுமே உரியது என்னும் வழக்கத்தை மீறிய இவ்வடிவமே பாராட்டத்தக்கது.

அவர்கள் கண்டது என்ன? ஆண்பிள்ளைகளுக்குக் கல்வி அவசியம் என்று 98 விழுக்காட்டுப் பெற்றோரும், பெண்பிள்ளைகளுக்கு அவசியம் என்று 89 விழுக்காட்டினரும் கூறினர். கல்வி இலவசம் என்பது பெயரளவிலேயே இருந்தது. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 318 ரூபாய் செலவாயிற்று. பீகாரில் மூன்று பிள்ளைகளை உடைய ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி இச்செலவுக்காக மட்டும் ஆண்டில் சுமார் 40 நாள் உழைக்கவேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு பிள்ளை சென்று சேரும் பள்ளியில் நிலை என்ன? ஆய்வாளர் சென்ற வேளையில் ஏறத்தாழப் பாதிப் பள்ளிகளில் கற்பித்தல் எதுவும் நடைபெறவில்லை. மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகளில் தலைமையாசிரியர் இல்லை. குழந்தைகள் வேலைக்குப் போவதால் பள்ளிக்கு வருவதில்லை என்னும் கருத்தையும் அறிக்கை தலைகீழாக்கியது. பள்ளியில் ஒன்றும் நடைபெறாததால் நின்றுவிட்ட பிள்ளை, நின்ற பின்னரே வேலைக்குச் செல்வதும் உண்டு என்று அது காட்டியது.

பெற்றோர் மீதான பழி இவ்வாறு பெரிதும் துடைக்கப்பட்டது. எனினும் இவ்வறிக்கையைப் போற்றுவோர் ஒன்றை எளிதில் கடந்துவிடுகின்றனர். 98க்கும் 89க்கும் இடையே 9 விழுக்காடு உள்ளது. மகனின் படிப்பை வேலைவாய்ப்போடும், மகளின் படிப்பைத் திருமணத்தோடும் இணைத்தே பல பெற்றோர் பேசினர் என்பதை அறிக்கையே பதிவு செய்கிறது. குடும்பத்துக்கு அக்கறை உண்டு என்பது மெய்; அவ்வக்கறை வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை என்பதும் மெய். அரசின் பொய்ப்பழியை மறுக்கும் ஆர்வத்தில் குடும்பத்தை முழுக் குற்றமற்றதாக்கிவிடலாகாது.

பத்தாண்டுகளுக்குப் பின்

ஆய்வாளருட் சிலர் 2006இல் மீண்டும் அம்மாநிலங்களுக்குச் சென்று கண்டதை 2011இல் நூலாக்கினர். இவ்விரண்டாம் பயணத்தின் முடிவுகளே முதலதைவிட நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் அளவு 80 விழுக்காட்டிலிருந்து 95 ஆக உயர்ந்திருந்தது. கட்டடங்கள் எழுந்திருந்தன, பாடநூல்கள் வந்திருந்தன. உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த ஆணையின் விளைவாகச் சமைத்த மதிய உணவு பெரும்பாலான பள்ளிகளை எட்டியிருந்தது. ஆனால் கற்பித்தல்? அது பத்தாண்டுகளுக்கு முன்பு போலவே ஏறத்தாழப் பாதிப் பள்ளிகளில் நடைபெறவில்லை.

இதன் பொருளை ஊன்றி நோக்க வேண்டும். மேலிருந்து ஆணையிட்டு அனுப்பக்கூடியவை அனைத்தும் வந்து சேர்ந்தன. கீழிருந்து நாள்தோறும் ஒருவர் கேட்டுப் பெறவேண்டியது மட்டும் வரவில்லை. சுவரும் அரிசியும் சீருடையும் கணக்கெடுக்கத்தக்க பொருள்கள். ஆசிரியர் வகுப்பில் நின்று மனம்வைத்துக் கற்பிப்பது அவ்வாறு எண்ணத்தக்கதன்று. அதனைக் கேட்டுப் பெற, கேட்கும் வலிமை உடைய ஒருவர் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். தாமே பள்ளி காணாத, அன்றாடக் கூலியை இழக்க இயலாத, ஆசிரியர் முன் அமரவும் தயங்குகிற ஒரு தாயால் அதனைக் கேட்க முடியுமா? கேட்கும் வலிமை உடையோர் எங்கே சென்றனர்?

அவர்கள் பொதுப் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டனர் என்பதே விடை. மாவட்ட ஆட்சியரின் பிள்ளையும், மருத்துவரின் பிள்ளையும், வணிகரின் பிள்ளையும், பல இடங்களில் அரசுப் பள்ளி ஆசிரியரின் பிள்ளையுங்கூட இன்று அரசுப் பள்ளியில் இல்லை. இவ்விரு நூல்களும் போதிய அளவு விசாரிக்காமல் விட்ட மூன்றாம் தரப்பு இவர்களே. வீனர் இவர்களின் எண்ணத்தைக் குற்றஞ்சாட்டினார். இவர்களின் விலகலை விசாரிக்கவில்லை. புரோப் அறிக்கை, ஏழைக் குடும்பத்துக்கும் அரசுக்கும் இடையே நடக்கும் வழக்காகவே பொதுக்கல்வியைப் பெரிதும் வரைந்து காட்டியது. ஆனால் மாற்றுக்கான சான்று அவ்வறிக்கையிலேயே இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் வெற்றிக்கு அரசின் தாராளமான செலவு ஒரு காரணம்; ஏற்றத்தாழ்வு ஒப்பளவில் குறைந்த சிற்றூர்ச் சமூகமும், வீட்டுக்கு வெளியே உழைக்கும் பெண்களின் முனைப்பும் பிற காரணங்கள் என அது எழுதுகிறது. ஊரார் அனைவரின் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் அமரும்போது, அப்பள்ளியின் குறை ஊரின் குறையாகிறது. இவ்வுண்மையை அறிக்கை இன்னும் ஒரு படி முன்னெடுத்துச் சென்றிருக்கலாம்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், அப்பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகவும் சேர்த்தது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ‘கட்டாயம்’ என்னும் சொல்லைப் பெற்றோர் தலையிலிருந்து இறக்கி அரசின் தோளில் வைத்தது. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கூறினும், தவறியவருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. பரோடாவின் அபராதத்திலிருந்து இது நெடுந்தொலைவு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும், பாதியளவினர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது.

இவையாவும் வரவேற்கத்தக்கவை. ஆனால் அதே சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கி, அதற்கான செலவை அரசு ஈடுசெய்யும் என்றது. நோக்கம் நன்று, விளைவைப் பாருங்கள். ஏழைகளுக்குள்ளும் முனைப்பு மிக்க பெற்றோர், அதாவது மேலாண்மைக் குழுவில் அமர்ந்து கேள்வி கேட்கக்கூடியவர்கள், வெளியேறும் வழியை அரசே திறந்துவைத்தது. ஒரு பிரிவில் பெற்றோரைப் பள்ளியின் காவலராக அமர்த்திவிட்டு, மற்றொரு பிரிவில் அவர்களுள் வல்லோரை வெளியே அழைப்பது முரண்பாடன்றோ?

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசிடம் ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே சேர்க்க ஏற்பாடு செய்யுமாறு உத்தரப் பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. நாடெங்கும் அது வியப்புடன் பேசப்பட்டது. நடைமுறையில் ஒன்றும் மாறவில்லை. பெற்றோரின் தேர்வை ஆணையால் கட்டுப்படுத்துவது முறையா என்னும் வினா நியாயமானதே. எனினும் அந்நீதிமன்றம் நோயின் இருப்பிடத்தைச் சரியாகத் தொட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை.

தமிழகத்தில் இதற்கு வேறொரு வழி இருந்தது. 1950களின் பிற்பகுதியில், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊர்மக்கள் தம் பள்ளிக்கு வேண்டியவற்றைத் தாமே பட்டியலிட்டுப் பொருளும் உழைப்பும் ஈந்தனர். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் ஒரே எண்ணத்தின் தொடர்ச்சி: பசித்த பிள்ளையின் பெற்றோரைக் குறைகூறாமல், பசியை அரசு தன் பொறுப்பாக ஏற்றது. ஆயினும் இங்கும் வசதியுடையோர் விலகினர். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டை 2020இல் சட்டமாக்க வேண்டியிருந்ததே, இரு பள்ளிகளுக்கு இடையே எத்துணை ஆழமான பள்ளம் விழுந்துவிட்டது என்பதற்குச் சான்று.

நம் சமுதாயத்துக்கு

பெற்றோர் மீது பழி என்னும் வழக்கம் முஸ்லிம்களைக் குறித்து இருமடங்காகப் பேசப்பட்டு வந்துள்ளது. முஸ்லிம் பெற்றோர் பள்ளியை விரும்புவதில்லை, மத்ரஸாவையே நாடுகின்றனர் என்று கூறாதவர் இல்லை. 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை அதற்கு எண்களால் விடையளித்தது. படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளுள் மத்ரஸாவில் பயில்வோர் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே. மூன்றில் இரண்டு பங்கினர் அரசுப் பள்ளிகளில் இருந்தனர். அதே அறிக்கை, 6 முதல் 14 வயதுடைய முஸ்லிம் பிள்ளைகளுள் நான்கில் ஒருவர் பள்ளியையே காணாதவர் அல்லது பாதியில் நின்றவர் என்றும் கூறியது.

முதல் எண்ணை நாம் மேடைதோறும் எடுத்தாண்டோம். பழி நீங்கியது என மகிழ்ந்தோம். ஆனால் அவ்வெண் நம்மிடம் வேறொன்றையும் கேட்கிறது. நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் இருந்தனர் என்றால், அரசுப் பள்ளியின் தரமே முஸ்லிம் கல்வியின் முதன்மைச் சிக்கல். இருந்தும் நம் கல்வி மாநாடுகளில் பெரிதும் பேசப்படுவது சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களின் உரிமை, இட ஒதுக்கீடு, உதவித்தொகை ஆகியவையே. அவை வேண்டியவை என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள நகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று கேட்கும் ஜமாஅத்துகள் எத்தனை?

கைரவானைச் சேர்ந்த அறிஞர் அல்-காபிஸி (இறப்பு 1012) பிள்ளைகளின் கல்வி பற்றி எழுதியபோது, இக்கடமையைத் தந்தையிடம் தொடங்கினார், தந்தையோடு முடிக்கவில்லை. அது பொறுப்பாளர், ஆட்சியாளர், இறுதியில் ஊர்மக்கள் என விரிகிறது. இன்றைய விவாதம் தந்தையையும் ஆட்சியாளரையும் மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு ஊரை விடுவித்துவிடுகிறது. தன் பிள்ளைக்கு நல்ல பள்ளியை விலைகொடுத்து வாங்கிய குடும்பம் தன் கடமை முடிந்தது எனக் கருதுவதற்கு அவ்வரிசையில் இடமில்லை.

எல்லோரும் நாளையே தம் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றவேண்டும் என நாம் கூறவில்லை. பெற்றோரின் தேர்வு அவர்களுடையது. ஆனால் பிள்ளையை எடுத்துச் சென்றவர் தம் குரலையும் உடன் எடுத்துச் செல்லத் தேவையில்லை. மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் தாய் ஒரு நாள் கூலியை இழக்கிறாள்; அதனை ஈடுசெய்வது ஒரு ஜமாஅத்துக்குப் பெருஞ்செலவன்று. அவள் கேட்கவேண்டிய கேள்விகளை அவளுடன் அமர்ந்து எழுதித் தருவதும், ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அவளுடன் கல்வி அலுவலகம் வரை செல்வதும் படித்தவரால் இயலாத செயல்களல்ல. பெற்றோருக்கு அக்கறையுண்டு என்பதை ஆய்வாளர் 1999லேயே மெய்ப்பித்துவிட்டனர். ஊருக்கு அக்கறையுண்டு என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.